தானாக வரும் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் விலங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான ஓவியர் ஒருவரின் நேர்காணலையும், அதையொட்டி வெளிவந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். முன்கூட்டிய திட்டம் எதுவும் இல்லாமல் வண்ணத்தைப் பரப்பத் தொடங்குவதாகவும், பரப்பிய வண்ணத்துக்குள்ளிருந்து ஒரு குதிரையோ பறவையோ மெல்ல வெளிப்படுவதாகவும், அதுவரை தாம் எதை வரையப்போகிறோம் என்பது தமக்கே தெரியாது என்றும் அவர் சொல்லியிருந்தார். இது உழைப்பைத் தவிர்ப்பதற்கான சாக்கு என்று ஒரு வாசகர் எழுதினார். பிறவியிலேயே வாய்க்கும் வரம், விளக்கத்துக்கு அப்பாற்பட்டது என்று இன்னொருவர் எழுதினார். நெடுங்காலமாக விலங்குகளை வரைந்தும், வரையக் கற்றுக்கொடுத்தும் வருபவர் என்ற முறையில் இதுகுறித்து எழுதுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

குறை சொன்னவரும் போற்றியவரும் ஒரே அடிப்படையில்தான் நிற்கிறார்கள். ஓவியரின் கை வெறுமையிலிருந்து நகர்கிறது என்று இருவருமே நம்புகிறார்கள். ஒருவர் அதை ஏமாற்று என்கிறார், மற்றவர் அதை அற்புதம் என்கிறார், அவ்வளவுதான் வேறுபாடு. கை தானாக நகர்வது உண்மை. ஆனால் அந்தக் கைக்குப் பின்னால், விலங்குகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த ஒரு பெரும் இருப்பு இருக்கிறது. ஓவியரின் உள்ளுணர்வு என்று நாம் சொல்வதெல்லாம் அந்த இருப்பு, கேள்வி கேட்கும் மனத்தைத் தாண்டி நேரே விரலுக்கு வந்து சேர்வதுதான். அந்த இருப்பைச் சேர்த்துத் தருவதில் விலங்கைப்போல் கண்டிப்பான ஆசிரியர் வேறு யாரும் இல்லை என்பதே நான் சொல்ல விரும்புவது.

அந்த ஓவியர் விவரித்த முறை எப்படி நடக்கிறது என்பதை, அதைச் செய்யாதவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கனமான தாளை முழுவதும் நனைத்து, அதன் ஈரம் மேற்பரப்பில் மினுங்கும் நிலையில் இருந்து மினுக்கம் அடங்கும் நிலைக்கு வரும்போது அடர்ந்த நிறம் தோய்ந்த தூரிகையை வைத்தால், நிறம் தன் போக்கில் ஓடும். ஈரம் மிகுந்த இடத்தில் பரவும், குறைந்த இடத்தில் விளிம்பு கட்டி நிற்கும். இதில் ஓவியருக்கு முழுக் கட்டுப்பாடு கிடையாது, முற்றிலும் கட்டுப்பாடு இல்லாமலும் இல்லை. தாளைச் சாய்த்தால் நிறம் சாய்ந்த பக்கம் போகும். உலர்ந்த தூரிகையால் ஒற்றினால் அங்கே வெளிச்சம் திறக்கும். கறை ஓரளவு படிந்ததும் ஓவியர் எழுந்து பின்னே போய் நின்று பார்க்கிறார். தாளைத் தலைகீழாகத் திருப்பியும் பார்க்கிறார். அப்போது ஏதோ ஓர் இடத்தில் ஒரு வளைவு, இது படுத்திருக்கும் விலங்கின் முதுகல்லவா என்று சொல்கிறது. அந்த முதுகு தெரிந்த கணத்தில் தோள்பட்டை எங்கே இருக்க வேண்டும், கழுத்தின் எடை எந்தப் பக்கம் விழ வேண்டும், மடங்கிய முன்கால் எவ்வளவு தூரம் வெளியே தெரிய வேண்டும் என்பவை ஒவ்வொன்றாக யோசித்து எடுக்கப்படும் முடிவுகளாக இல்லாமல் ஒரே வீச்சில் வந்துவிடுகின்றன. தாள் உலர்வதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பதால், யோசித்து முடிவெடுக்க நேரமும் இல்லை.

தற்செயலான கறையிலிருந்து உருவம் காணும் இந்தப் பழக்கம் இன்றைய ஓவியர்கள் கண்டுபிடித்த உத்தி என்று எண்ணிவிடக் கூடாது. கறை படிந்த சுவர்களையும் பல நிறக் கற்களையும் உற்றுப் பார்த்தால் மலைகளும் ஆறுகளும் போர்க்காட்சிகளும் தென்படும் என்று லியொனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் ஓவியர்களுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார். ஆந்த்ரே மாசோன் 1926இல் வரைந்த மீன்களின் போர் என்ற ஓவியத்தில், துணியில் பசையைப் பூசி, மேலே மணலைத் தூவி, ஒட்டாததை உதறிவிட்டு, எஞ்சிய மணல்திட்டுகள் காட்டிய குறிப்பைப் பின்பற்றி மீன்களின் தாடைகளை வரைந்தார். இவர்களுக்கெல்லாம் மிகவும் முற்பட்ட சான்று ஸ்பெயினில் உள்ள அல்தமிரா குகை. அதன் கூரையில் தீட்டப்பட்டிருக்கும் காட்டெருமைகளை 1879இல் முதலில் கவனித்தவள், தந்தையுடன் அங்கே போயிருந்த ஒரு சிறுமி. கூரைப் பாறையில் இயல்பாகவே புடைத்திருந்த இடங்களை அந்தப் பழங்கால ஓவியர்கள் எருமைகளின் உடலாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பாறை தந்த திரட்சியும் கை தந்த நிறமும் சேர்ந்து ஒரு விலங்காகியிருக்கின்றன. பாறையைப் பார்த்ததும் எருமை தெரிந்தது என்றால், எருமையை அவர்கள் எத்தனை முறை, எவ்வளவு நெருக்கத்தில் பார்த்திருக்க வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரான்சின் தென்பகுதியில் 1994இல் கண்டறியப்பட்ட ஷோவே குகையும் இதையே சொல்கிறது. அங்குள்ள ஓவியங்களில் பழையவை ஏறத்தாழ 36,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. சிங்கங்களும் காண்டாமிருகங்களும் குதிரைகளும் நிறைந்த அந்தச் சுவர்களில் ஒரு காட்டெருமைக்கு எட்டுக் கால்கள் இருக்கின்றன. ஓடும் விலங்கின் கால்கள் கண்ணுக்கு எப்படித் தெரிகின்றனவோ அப்படி வரைந்த கை அது என்றே நான் கருதுகிறேன். ஓவியர் சில இடங்களில் முதலில் சுவரைச் சுரண்டி வெண்மையாக்கியிருக்கிறார், கரிக்கோட்டைத் தேய்த்து நிழலாக்கியிருக்கிறார். ஆக, முன்தயாரிப்பும் இருந்திருக்கிறது, வேகமும் இருந்திருக்கிறது. ஒன்று இருந்ததால் மற்றது இல்லாமல் போகவில்லை.

அப்படியானால் ஏன் குறிப்பாக விலங்கு? மரமும் மலையும் மனித முகமும் இந்தப் பயிற்சியைத் தராதா என்று கேட்கலாம். தரும், ஆனால் இந்த அளவுக்குத் தராது. மனிதரை உட்காரச் சொன்னால் உட்காருவார், மரம் நாளையும் அங்கேயே நிற்கும். விலங்கோ ஓவியருக்காக எதையும் செய்வதில்லை. பூனை தன் விலாவை நக்குவதை வரையத் தொடங்கினால், முதல் கோடு முடிவதற்குள் அது காலை நீட்டிச் சோம்பல் முறித்திருக்கும். இந்த நிலையில் ஓவியருக்கு இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, தொடங்கியதைக் கைவிட்டு அடுத்த கோலத்தைத் தொடங்குவது. மற்றது, கண் முன்னே இப்போது இல்லாத அந்த நொடியை நினைவிலிருந்து முடிப்பது. இரண்டுமே கையை விரைவாக்குகின்றன. குறிப்பேட்டின் பக்கங்களில் முடிவுபெறாத முதுகுகளும் பாதித் தலைகளும் வால்களும் நிறைகின்றன. பார்ப்பவருக்கு அவை குப்பையாகத் தோன்றலாம், ஆனால் ஓவியரின் உண்மையான சேமிப்பு அங்கேதான் இருக்கிறது. லியொனார்டோவின் கடைசிக் காலத்துத் தாள் ஒன்றில், இன்று இங்கிலாந்து அரச சேகரிப்பில் இருப்பது, பூனைகள் உறங்கியும் சண்டையிட்டும் சுருண்டும் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு டிராகனும் இருக்கிறது. பூனையின் முதுகெலும்பு எப்படி வளையும் என்று அத்தனை முறை அறிந்த கைக்கு, உலகில் இல்லாத விலங்கின் முதுகெலும்பையும் வளைக்கத் தெரிந்துவிட்டது. ரெம்ப்ராண்ட் 1637இல் ஒரு யானையை நேரில் கண்டு கருப்புச் சாக்கட்டியால் வரைந்த படமும் இத்தகையதே. அதன் தோல் மடிப்புகளை அவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. தளர்ந்த கோடுகள் சுழன்று சுழன்று போகின்றன, ஆயினும் அந்தத் தோலின் கனம் நமக்குத் தெரிகிறது.

கிழக்காசிய ஓவிய மரபு இதை நன்கு உணர்ந்திருந்தது. சீனத்தின் தாங் அரசவையில் இருந்த குதிரை ஓவியர் ஹான் கானிடம், அரசவையில் இருந்த மூத்த ஓவியரைப் பின்பற்றச் சொன்னபோது, அரசரின் லாயத்தில் உள்ள குதிரைகளே தம் ஆசிரியர்கள் என்று அவர் பதில் சொன்னதாகச் சீனப் பதிவுகள் கூறுகின்றன. எட்டாம் நூற்றாண்டில் சொல்லப்பட்ட அந்தப் பதிலை ஓவியப் பள்ளிகளின் வாசலில் எழுதி வைக்கலாம். ஜப்பானில் இதோ ஜகுச்சு (1716–1800) தம் வீட்டு முற்றத்தில் கோழிகளை வளர்த்து, அவற்றை நெடுநாள் பார்த்த பின்னரே வரையத் தொடங்கினார். பின்னாளில் அவர் தீட்டிய சேவல்களின் இறகுகள் அலங்காரம்போல் தெரியலாம், ஆனால் சேவல் தன் எடையை ஒற்றைக் காலில் நிறுத்தும் விதம் அலங்காரத்தால் வருவதன்று. சீனத்து ச்சீ பைஷி (1864–1957) இறால்களைக் கிண்ணத்தில் வளர்த்து மேசையின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவருடைய இறால்களில் விவரங்கள் மிகுதி. ஆண்டுகள் செல்லச் செல்லக் கால்களின் எண்ணிக்கையையே குறைத்துவிட்டார். அவர் முதுமையில் வரைந்த இறால்கள் மையின் சில தீற்றல்களால் ஆனவை, அவற்றின் உடலில் ஒளி ஊடுருவுகிறது, சுற்றிலும் நீர் என்று ஒரு கோடுகூட இல்லாதபோதும் அவை நீந்துகின்றன. அந்தச் சில தீற்றல்களை மட்டும் பார்த்துவிட்டு இதை யாரும் செய்யலாம் என்று சொல்பவர், அந்தக் கிண்ணத்தைப் பார்க்கவில்லை.

ஐரோப்பாவிலும் இந்த உழைப்புக்குக் குறைவில்லை. ஜார்ஜ் ஸ்டப்ஸ் ஏறத்தாழ பதினெட்டு மாதங்கள் ஒரு பண்ணை வீட்டில் தங்கி, இறந்த குதிரைகளைத் தொங்கவிட்டு, தோல், தசை, எலும்பு என்று அடுக்கடுக்காக அறுத்து வரைந்தார். அதன் பயனாகக் குதிரையின் உடற்கூறு பற்றிய அவரது நூல் 1766இல் வெளிவந்தது. ரோசா போன்யோர் தம் குதிரைச் சந்தை ஓவியத்துக்காக ஒன்றரை ஆண்டுகள் வாரம் இருமுறை பாரிஸின் குதிரைச் சந்தைக்குப் போனார். பெண் என்பதால் யாரும் தொந்தரவு செய்யாமல் இருக்க ஆணுடையில் போக வேண்டியிருந்தது. அதற்குக் காவல்துறையின் அனுமதியும் பெற வேண்டியிருந்தது. ஐந்து மீட்டர் அகலமுள்ள அந்தத் துணியில் குதிரைகள் திமிறும் வேகத்தைப் பார்க்கும் எவருக்கும், அது ஒரே மூச்சில் வந்ததுபோலத்தான் தோன்றும்.

உள்ளுணர்வு இப்படிச் சேர்வதுதான் என்பதை அறிவியலாளர்களும் வேறு வழியில் வந்து சொல்லியிருக்கிறார்கள். சதுரங்க வல்லுநர்கள் பலகையைப் பார்த்ததும் நல்ல நகர்வை எப்படி அறிகிறார்கள் என்பதை நெடுங்காலம் ஆராய்ந்தவர்களுள் ஒருவரான ஹெர்பர்ட் சைமன், உள்ளுணர்வு என்பது முன்பு அறிந்த ஒன்றை மீண்டும் அடையாளம் கண்டுகொள்வதே அன்றி வேறில்லை என்ற முடிவுக்கு வந்தார். ஓவியத்தில் இதற்கு மேலும் ஏதோ இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இதற்குக் குறைவாக எதுவும் இல்லை.

பார்க்காமலேயே வரைந்த விலங்கு எப்படி இருக்கும் என்பதற்கும் வரலாற்றில் ஒரு சான்று உண்டு, அதுவும் ஒரு பெரும் ஓவியரிடமிருந்தே. ஆல்பிரெக்ட் டியூரர் 1502இல் வரைந்த இளம் முயலின் மயிர்ச்சுழிகள் எந்தத் திசையில் படிந்து எங்கே திரும்புகின்றன என்பதைக்கூட நாம் தொடர்ந்து பார்க்க முடியும். அதன் கண்ணில் ஒரு ஜன்னலின் ஒளி தெரிகிறது. அதே டியூரர் 1515இல், லிஸ்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த ஒரு காண்டாமிருகத்தைப் பற்றி எழுத்திலும் ஒரு கோட்டோவியத்திலும் கிடைத்த செய்தியை மட்டும் வைத்து அதை மரச்செதுக்கில் படைத்தார். உடலில் கவசத் தகடுகள், தோள்மேல் இல்லாத ஒரு சிறு கொம்பு, செதில் படிந்த கால்கள் என்று அது உருவானது. உண்மையான காண்டாமிருகம் இதுதான் என்று ஐரோப்பா நெடுங்காலம் நம்பியது. இந்த ஓவியத்தைத் தவறு என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. நண்டையும் வண்டையும் கூர்ந்து வரைந்து பழகிய கை, தெரியாத விலங்குக்குத் தான் அறிந்த ஓடுகளைப் போர்த்திவிட்டது என்றே அதைப் பார்க்கிறேன். ஆனால் முயல் உயிரோடு இருக்கிறது, காண்டாமிருகம் வியப்பூட்டுகிறது. இந்த வேறுபாடு முக்கியமானது.

பார்த்துப் பழகியவரின் கையும் பிழை செய்யும் என்பதை மறைக்கக் கூடாது. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் தீட்டிய எப்சம் குதிரைப் பந்தய ஓவியத்தில், குதிரைகள் நான்கு கால்களையும் முன்னும் பின்னுமாக நீட்டி நிலத்தைத் தொடாமல் பறக்கின்றன. 1878இல் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் வரிசையாக வைத்த கேமராக்களால் எடுத்த படங்கள், பாயும் குதிரையின் கால்கள் நான்கும் நிலத்தைவிட்டு எழுவது அவை வயிற்றின் கீழே கூடும்போதுதான் என்று காட்டின. அறிவு திருத்தியதை ஓவியர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். டெகா போன்றவர்கள் ஏற்றுக்கொண்டு அந்தப் படங்களிலிருந்து கற்றார்கள். இருந்தாலும் இதைப் பற்றிச் சிற்பி ரோடன் சொன்னது என் மனத்தில் நிற்கிறது. காலம் உண்மையில் நின்றுவிடுவதில்லை, ஆகவே நிறுத்திவைத்த நொடியைக் காட்டும் புகைப்படத்தைவிட, அடுத்தடுத்த நொடிகளை ஒரே வடிவத்தில் கூட்டிக் காட்டும் ஜெரிக்கோவின் குதிரைகளே ஓட்டத்துக்கு உண்மையானவை என்பது அவர் வாதம். ஷோவே குகையின் எட்டுக்கால் எருமையை வரைந்தவர் அந்த வாதத்தைக் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, விலங்கு ஓவியருக்கு அளிக்கும் ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. தன்னைத் தவிர வேறொன்றின் உள்ளிருந்து உலகைப் பார்க்கும் ஆசையை விலங்கு எழுப்புகிறது. ஜெர்மானிய ஓவியர் ஃபிரான்ஸ் மார்க் (1880–1916) இந்த ஆசையை முழுமையாக வாழ்ந்தவர். மற்ற ஓவியர்களுக்கு விலங்கு உடற்கூறு கற்பிக்கும் அளவுக்கு எலும்பும் தசையும் அறிந்தவர். அதன் பின்னரே 1911இல் நீலக் குதிரைகளை வரைந்தார். ஒரு குதிரைக்கு, ஒரு கழுகுக்கு, ஒரு மானுக்கு இந்த உலகம் எப்படித் தெரியும் என்பதே அவருடைய கேள்வி. விலங்கை நம் கண்ணுக்குத் தெரியும் நிலக்காட்சியில் கொண்டுபோய் வைப்பதை அவர் வறுமை என்று கருதினார். நீலமும் மஞ்சளும் சிவப்பும் அவருக்கு வெறும் நிறங்கள் அல்ல; ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று நண்பர் மாக்கேவுக்கு 1910இல் விரிவாக எழுதினார். ஆனால் அந்தக் குதிரைகளின் முன் நிற்கும்போது, தாழ்ந்த கழுத்தும் ஒன்றையொன்று ஒட்டிய வளைவுகளும்தான் முதலில் நம்மைத் தொடுகின்றன. நிறத்தின் பொருள் பிறகே வருகிறது. முப்பத்தாறு வயதில் முதல் உலகப் போரின் வெர்டன் போர்க்களத்தில் உயிரிழந்த அந்த மனிதர் இன்னும் இருபது ஆண்டுகள் இருந்திருந்தால் என்ன வரைந்திருப்பார் என்று நான் பலமுறை ஏங்கியிருக்கிறேன்.

எங்கே நிறுத்துவது என்பதும் இந்த உள்ளுணர்வின் ஒரு பகுதிதான். பிக்காசோ 1945 டிசம்பரில் தொடங்கி அடுத்த மாதம் வரை ஒரே காளையைப் பதினொரு லித்தோகிராஃப் (கல்லச்சு) நிலைகளில் வரைந்தார். தொடக்கத்தில் திண்ணென்று நிற்கும் காளை, தசையும் நிழலும் படிப்படியாக நீங்கி, கடைசியில் சில கோடுகளாகிறது. அந்தக் கடைசிக் கோடுகளிலும் காளையின் எடை எங்கும் போய்விடவில்லை. எதை நீக்கினாலும் விலங்கு நிற்கும், எதை நீக்கினால் விழுந்துவிடும் என்பதைச் சூத்திரமாக எவராலும் கற்பிக்க முடியாது. என் மாணவர்கள் பெரும்பாலும் கண்ணைத்தான் முதலில் வரைய விரும்புகிறார்கள், நான் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். முதுகும் தோளும் சரியாக அமைந்த விலங்குக்குப் பல வேளைகளில் கண்ணே தேவைப்படுவதில்லை.

இன்று புகைப்படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஒவ்வொரு மயிரையும் இமையின் மினுக்கத்தையும் படியெடுக்கும் விலங்கு ஓவியங்கள் பெரிதும் பாராட்டப்படுகின்றன. அதில் உள்ள பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் படியெடுப்பவர் கேமரா தேர்ந்த ஒரு நொடியை மட்டுமே பெறுகிறார். அதற்கு முந்திய நொடியிலும் பிந்திய நொடியிலும் அந்த விலங்கு என்ன செய்தது என்பது அவர் கைக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பிக்கும் இடங்களில் நிலைமை இன்னும் வருந்தத்தக்கது. யானை என்றால் இரண்டு வட்டமும் ஒரு வளைவும், மீன் என்றால் ஓர் இலையும் ஒரு முக்கோணமும் என்று கொடுத்துவிடுகிறோம். அந்த அச்சை மனப்பாடம் செய்த பிள்ளை, பிறகு உண்மையான மீனைப் பார்த்தாலும் இலையையும் முக்கோணத்தையுமே பார்க்கிறது. அந்தப் பிள்ளையை ஓர் எறும்பு வரிசையின் முன்போ உறங்கும் நாயின் அருகிலோ தாளும் பென்சிலுமாக உட்காரவைத்து, சரியாக வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் வரையவிட்டால், அரைமணி நேரத்தில் அதன் கோடு மாறுவதைக் காணலாம்.

ஆகவே தங்கள் இணைப்பிதழுக்கு என் வேண்டுகோள் இது. ஓவியர்களை நேர்காணும்போது, இந்தக் குதிரை எதன் குறியீடு, இந்தப் பறவை எதை உணர்த்துகிறது என்ற கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்த விலங்கை எங்கே எவ்வளவு காலம் பார்த்தீர்கள், அது உங்களை எப்படித் திணறடித்தது, எந்தக் கோட்டில் அது பிடிபட்டது என்றும் கேளுங்கள். முடிந்த ஓவியத்தைப் பெரிதாக அச்சிடும் பக்கத்திலேயே அவருடைய குறிப்பேட்டின் இரண்டு மூன்று பக்கங்களையும், பாதியில் விட்ட தலைகளும் தவறிப்போன கால்களும் இருக்கும்படியே, வெளியிடுங்கள். நேர்காணலில் பேசிய அந்த ஓவியரிடமும் அத்தகைய குறிப்பேடுகள் அடுக்கடுக்காக இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் இசைந்தால், அவற்றிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர், ஓவிய ஆசிரியர்